விண்கலமான கூத்து மேடை

பகலில் பார்த்தவர்களுக்கு அது யாரோ பாதியில் விட்டுவிட்டுப் போன கண்ணாடிக் கொட்டகை. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கு வளாகத்தில் 2022 ஜனவரியில் அது வந்து நின்றது. சுற்றியிருந்த வானத்தையும் கட்டடங்களையும் தன் பளபளக்கும் மேனியில் காட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா கிடந்தது. பொழுது சாய்ந்ததும் விழித்துக்கொண்டது. விளக்குகள் நிறம் மாறின, ஒலி எழுந்தது, நடுவே இருந்த திரை உயிர் பெற்றது. ஆணா பெண்ணா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாத ஒரு பாத்திரம், பாதி புலவர், பாதி போர்வீரர், காலங்களைத் தாண்டிப் பயணம் போயிற்று.

பெயர் 'வாயாங் ஸ்பேஸ்ஷிப்'. கூத்து விண்கலம் என்று சொல்லலாம். ஊர் ஊராகப் போகும் சீன ஓபரா மேடை ஒன்றை விண்கலமாக மாற்றி இதை உருவாக்கியவர் மிங் வோங். செய்யச் சொன்னது சிங்கப்பூர் கலை அருங்காட்சியகம்.

வாயாங் என்பது மலாய்ச் சொல். நிழல் பொம்மலாட்டத்துக்கான பெயர். சிங்கப்பூரில் அது சீனர்களின் தெரு ஓபராவுக்கு ஒட்டிக்கொண்டது. சீனர்களே அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: மேலதிகாரி பார்க்கும்போது மட்டும் வேலை செய்வதாகப் பாவலா காட்டுவது. ஒரு கலையின் பெயர் இப்படிப் பரிகாசச் சொல்லாகிப்போவதற்கு அந்தக் கலையே பொறுப்பில்லை என்றாலும், அதன் மேல் இருந்த மரியாதை எந்த அளவில் நின்றது என்பதற்கு அது ஒரு சாட்சி.

கண்ணாடி மேடை வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் ஏழாம் மாதத்தில் தெரு மேடைகள் எழவில்லை. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பசித்த ஆவிகளின் மாதம். பாதாளத்தின் கதவு திறந்து, இறந்தவர்கள் பூமிக்கு வந்து திரிகிறார்கள் என்பது நம்பிக்கை. அவர்களுக்குச் சோறு வைத்து, காகிதப் பணம் கொளுத்தி, பொழுதுபோக்க ஓபராவும் ஏற்பாடு செய்வார்கள். முன் வரிசை நாற்காலிகளைக் காலியாக விடுவது வழக்கம். அவை ஆவிகளுக்கு. விஷயம் தெரியாத சுற்றுலாப் பயணி போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கும் பாட்டி பதறிப்போய் எழுப்பிவிடுவாள்.

ஏழாம் மாதம் என்றில்லை. கோயில் தெய்வத்தின் பிறந்த நாளுக்கும் மேடை எழும். பலகைத் தளம், தகரக் கூரை, பின்னால் அரண்மனையோ தோட்டமோ தீட்டிய துணித் திரை. மேடை கோயிலைப் பார்த்து நிற்கும். முதல் பார்வையாளர் தெய்வம், மனிதர்கள் அதற்கப்புறம்தான். கோயில் எதிரே இடமில்லாத ஊரில் தெய்வத்தையே கொண்டுவந்து மேடைக்கு எதிரில் பந்தலில் அமர்த்துவார்கள். கதை தொடங்கும் முன் எட்டுச் சித்தர்கள் வந்து வாழ்த்துச் சொல்லும் சிறிய சடங்கு நாடகம் நடக்கும். மேடைக்குப் பின்னால் துணிமணிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து நடிகர்கள் தாங்களே முகம் எழுதிக்கொள்வார்கள். சிவப்பு முகம் விசுவாசி, வெள்ளை முகம் சூழ்ச்சிக்காரன், கறுப்பு முகம் வளைந்து கொடுக்காத நேர்மையாளன். அங்கேயே ஒரு மூலையில் நாடகக்காரர்களின் காவல் தெய்வத்துக்கு ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும்.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது சுவாரஸ்யமான கதை. ஏழாம் மாத விருந்துகளில் மங்கலப் பொருள்களை ஏலம் விடுவார்கள். தங்கத்தாளும் சிவப்பும் சுற்றிய ஒரு கரித்துண்டு, 'கறுப்புத் தங்கம்' என்ற பெயரோடு, ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகும். எடுத்தவருக்கு வியாபாரம் செழிக்கும் என்று நம்பிக்கை. அந்தப் பணத்தில்தான் அடுத்த ஆண்டின் மேடை. கரித்துண்டுக்குப் போட்டி இருக்கும் வரை ஓபராவுக்கும் கூலி கிடைக்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் அந்தக் கூலியை இப்போது பெரும்பாலும் தட்டிக்கொண்டு போவது 'கெத்தாய்'. மினுமினுக்கும் உடையில் பாடகிகள் வந்து சினிமா மெட்டில் பாடும் மேடைக் கச்சேரி அது. ஆவிகளுக்கும் ரசனை மாறிவிட்டது போலும்.

சீனர்கள் கடல் தாண்டிய இடமெல்லாம் ஓபராவும் போனது. தங்கம் தேடிப் போனவர்களைப் பின்தொடர்ந்து 1852இல் 123 பேர் கொண்ட கான்டனீஸ் குழு சான்ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்கி ஆடியது. மறு ஆண்டு நியூயார்க் போய், பணமில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அது 1943 வரை நீடித்தது. இருந்தும் நடிகர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்படிச் சுற்றுப்பயணம் வந்த லீ ஹோய்-சுவென் என்ற கான்டனீஸ் ஓபரா நடிகருக்கு 1940 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. உலகம் அந்தக் குழந்தையைப் பின்னாளில் புரூஸ் லீ என்று அறிந்துகொண்டது.

சிங்கப்பூரில் ஸ்மித் தெருவில் 1887இல் எழுந்த லாய் சுன் யுவென் கொட்டகையால் அந்தத் தெருவுக்கே கான்டனீஸ் மொழியில் நாடகக் கொட்டகைத் தெரு என்று பெயர் வந்தது. இன்னொரு கொட்டகையில் தன் மனைவியரில் ஒருத்திக்கு நடந்த அவமரியாதையைப் பொறுக்காமல் யூ தோங் சென் என்ற கோடீஸ்வரர் 1928இல் சொந்தமாகவே ஓர் ஓபரா அரங்கம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அரங்கம் உண்மை. மெஜஸ்டிக் என்று பின்னால் பெயர் பெற்றது. முகப்பு ஓடுகளில் ஓபராப் பாத்திரங்களும் டிராகன்களும் இருக்கின்றன. பத்து வருடத்தில் சினிமா உள்ளே புகுந்தது, பிறகு கடைகள்.

ஆனால் சினிமாவோ தொலைக்காட்சியோ செய்யாததை ஒரு கொள்கை செய்தது. 1979 செப்டம்பரில் பிரதமர் லீ குவான் யூ 'மாண்டரின் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்ச் சீனர்களின் வீட்டு மொழி மாண்டரின் அல்ல. ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், ஹாக்கா, ஹைனனீஸ் என்று அவரவர் பாட்டன் புறப்பட்டு வந்த ஊரின் பேச்சு. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்கும் குழந்தைக்கு வீட்டில் மூன்றாவது ஒரு பாஷை சுமை என்றது அரசு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல பாஷைகளாகச் சிதறிக் கிடந்த ஒரு சமூகம் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்டது. விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வட்டாரப் பேச்சு சில ஆண்டுகளில் அடங்கியது. ஹாங்காங் தொடர்களின் நாயகர்கள் திடீரென்று மாண்டரின் பேசினார்கள். ரெடிஃப்யூஷன் வானொலியில் கான்டனீஸில் கதை சொல்லி ஊரையே கட்டிப்போட்ட லீ டாய் சோரின் குரல் 1982இல் நின்றது.

ஓபரா அந்தப் பேச்சுகளால் ஆனது. தியோச்சியூ ஓபராவை மாண்டரினில் பாடினால் அது வேறு ஏதோ ஒன்று. சொல்லின் ஏற்ற இறக்கம்தான் மெட்டையே தீர்மானிக்கிறது. கோமாளியின் சிலேடை அந்தப் பாஷையில்தான் சிலேடை. மேடையை யாரும் தடை செய்யவில்லை, கோயில்கள் தொடர்ந்து நாடகம் போட்டன. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் காதுதான் மெல்ல மெல்ல மூடப்பட்டது. 2010 மக்கள்தொகைக் கணக்கில் சிங்கப்பூர்வாசிகளில் 14.3 சதவீதம் பேர் வீட்டில் பெரும்பாலும் சீன வட்டாரப் பேச்சுகளைப் பேசினார்கள். 2020இல் அது 8.7 சதவீதம். ஆங்கிலம் 48.3. (அதே கணக்கில் தமிழ் 2.5 சதவீதம். ஆனால் தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று, பள்ளியில் பாடம், ரூபாய் நோட்டைப் போல வெள்ளி நோட்டிலும் அதற்கு இடமுண்டு. ஹொக்கியனுக்கு இது எதுவும் இல்லை.)

இந்தப் பின்னணியில்தான் மிங் வோங்கைப் பார்க்க வேண்டும். 1971இல் சிங்கப்பூரில் பிறந்தவர். முதலில் படித்தது சீன ஓவியம், பிறகு லண்டனில் நவீனக் கலை, பிறகு பெர்லின் வாசம். புலம்பெயர்ந்தவர்களின் வழியில் வந்து மறுபடியும் புலம்பெயர்ந்தவர். 'நான்கு மலாய்க் கதைகள்' என்ற 2005 படைப்பில் பி. ராம்லியின் பழைய படங்களின் 16 பாத்திரங்களையும் தானே நடித்தார், மலாய் சரியாக வராமலே. அந்தப் படங்கள் தயாரான சிங்கப்பூர் ஸ்டூடியோக்களில் எல். கிருஷ்ணன் போல இந்தியாவிலிருந்து போன இயக்குநர்கள் வேலை செய்தார்கள் என்பது இங்கே சொல்லத் தக்கது. 2009 வெனிஸ் பினாலேயில் அவர் வைத்த படைப்பில் ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர், ஒரு இந்தியர் என்று மூன்று ஆண் நடிகர்கள், ஓர் ஹாலிவுட் படத்தின் கறுப்பினத் தாயாகவும், வெள்ளைக்காரியாக வேஷம் போடும் அவள் மகளாகவும் மாறி மாறி நடித்தார்கள். நடுவர் குழுவின் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. தனக்குச் சொந்தமில்லாத மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசி நடிப்பது, ஆண் பெண்ணாவது, பெண் ஆணாவது, இவையெல்லாம் அவருடைய பழைய விஷயங்கள். ஓபராவுக்கு அவர் வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. ரசிகைகளைப் பித்துப்பிடிக்க வைத்த கான்டனீஸ் மேடையின் கதாநாயகன் யாம் கிம்-ஃபாய் ஒரு பெண்.

விண்கலம் எதற்கு என்ற கேள்வி எழும். பழையதை நாகரிகப்படுத்துகிறேன் என்று வர்ணம் பூசும் வேலையா இது? அப்படித் தோன்றுபவர்கள் ஓபரா மேடையை ஒரு தரம் சரியாகப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சாட்டை குதிரையாகும், ஒரு துடுப்பு படகாகும், சக்கரம் வரைந்த இரண்டு கொடிகள் தேராகும். மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தால் ஆயிரம் மைல் கடந்தாயிற்று. சந்திரனுக்குப் பறந்து போன சாங்-அ என்ற பெண்ணின் கதையை மெய் லான்ஃபாங் 1915இலேயே பீக்கிங் மேடையில் ஆடினார். பழைய ஓவியங்களைப் பார்த்து அதற்கென்று புதிய உடையையும் ஒப்பனையையும் உருவாக்கினார். இன்று பாரம்பரிய உடை என்று எல்லோரும் வணங்குவதில் ஒரு பங்கு அன்றைய புதுமை. சீனா தன் சந்திர ஆய்வுக் கலங்களுக்கு 2007 முதல் வைத்துவரும் பெயரும் சாங்-அதான். கான்டனீஸ் ஓபராவோ 1920களிலும் 30களிலும் வயலினையும் சாக்ஸபோனையும் கூச்சமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டது. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைத்த கலை எதையாவது பிடித்துக்கொண்டுதான் பிழைத்திருக்கிறது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து இதுதான் அசல் என்று எழுதி ஒட்டுவதைவிட, மேடையையே கண்ணாடியாக்கி நகரத்தை அதில் முகம் பார்க்க விடுவது நேர்மையான காரியம். அதிலும் ஒரு துறைமுகத்தின் வாசலில். கூலிகளும் நடிகர்களும் பெட்டிகளும் கப்பலில் வந்து இறங்கிய ஊர் அது.

விண்கலம் ஓபராவைக் காப்பாற்றிவிட்டது என்று சொன்னால் அது மிகை. வேடிக்கை பார்த்த இளைஞர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் யாரும் உட்கார்ந்து ஒரு ராகத்தைப் பாடப் படிக்கவில்லை. கலைஞரும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. வட்டாரப் பேச்சை ஒலிபரப்பிலிருந்து விலக்கிய ஓர் அரசின் மானியத்தில்தான் அந்தப் பேச்சின் கலைக்கு இப்போது நினைவுச் சின்னம் எழுகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. அரசும் சற்று இளகித்தான் இருக்கிறது. முதியவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று கண்டு 2016இல் தொலைக்காட்சியில் ஹொக்கியனில் ஒரு தொடரை ஒளிபரப்பினார்கள். மருத்துவ வசதிகளையும் நலத்திட்டங்களையும் பற்றிச் சொல்ல. சிலேடை சொல்ல அல்ல.

இதே வேலையை வேறு விதமாகச் செய்தவர் கோ பூன் டெக். இவருடைய தாயார் ஊன் ஆ சியாம் ஹொக்கியன் தெரு ஓபரா நடிகை. வறுமைப்பட்ட கம்பத்துக் குடும்பத்தில் பிறந்து மேடை ஏறியவர். சவரக்கத்தி என்று பொருள்படும் 'டிடோடாவ்' என்ற குறும்புக்கார வேலைக்காரன் வேஷம் இவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. மகன் நவீன நாடகக்காரரானார். தாயின் வாழ்க்கையை 'டிடோடாவ்' என்ற பெயரிலேயே 1994இல் நாடகமாக்கினார். பலமுறை மேடையேறி, 2020இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கண்ணாடி மேடையில் இல்லாத ஒன்று இதில் உண்டு: ஒப்பனைக்குப் பின்னால் இருந்த பசி. பிள்ளைகளைச் சில ஆண்டு ஒப்பந்தத்தில் ஓபராக் குழுவிடம் விட்டுவிடுவது அந்நாளில் பல ஏழைக் குடும்பங்களின் வழக்கம். அடி உதைதான் பாடத்திட்டம். அந்தக் கழுத்து அசைவும் நீள்கையின் வீச்சும் அப்படித்தான் வந்தன. இனி அப்படி யாரும் கற்க வேண்டாம் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் வேறு எப்படிக் கற்பது என்பதற்கு வசதியான சமூகங்கள் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு மாலை சமூக மன்றத்தில் நடக்கும் வகுப்பு ரசிகரை உருவாக்கலாம். விடிய விடியப் போர்க்கோலத்தில் நிற்கும் நடிகரை உருவாக்குவது சிரமம்.

இடைவெளியை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர்க் குழுக்கள் ஃபூஜியானிலிருந்தும் குவாங்டோங்கிலிருந்தும் நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் குறுகிய கால அனுமதியில் வரவழைக்கின்றன. பாட்டன் கொண்டுவந்த கலையைப் பேரன் ஊருக்கு மறுபடி கொண்டுவருகிறவர் புதிய கூலித் தொழிலாளி. தாய்லாந்தில் கதை இன்னும் விசித்திரம். அங்கே தியோச்சியூ சீனர்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் தாய் மொழி பேசுகிற வியாபாரிகளும் டாக்டர்களும் ஆகிவிட்டார்கள். ஓபராக் குழுக்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. வடகிழக்கே ஈசான் பிரதேசத்து நெல் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு வேலை வேண்டியிருந்தது. சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாத அந்தப் பிள்ளைகள், தியோச்சியூ பாட்டை தாய் எழுத்தில் ஒலியாக எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்து, முகம் எழுதி, சாங் வம்சத்து நீதிபதியாகவும் தளபதி மனைவியாகவும் மேடை ஏறுகிறார்கள். கோயில் கோயிலாகச் சுற்றும் இப்படிப்பட்ட குழுக்கள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும்கூட ஆடப் போயிருக்கின்றன.

சிங்கப்பூரின் தெரு மேடைகளில் இப்போது பக்கவாட்டில் ஒரு மின்திரை தொங்குகிறது. பாடும் வரிகள் அதில் ஓடுகின்றன. பாட்டி அதைப் பார்ப்பதில்லை. பேரன் அதை மட்டும்தான் பார்க்கிறான். இரவு பத்தரைக்குள் ஒலியை நிறுத்த வேண்டும் என்பது விதி. நிறுத்துகிறார்கள். கடைசி இரவானால் திரைத் துணியைச் சுருட்டி, பலகைகளைப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள். முன் வரிசை நாற்காலிகளை, யாரும் உட்கார்ந்திராதவற்றை, கடைசியில் மடக்குகிறார்கள்.